களத்திற்கும் கணக்கு உண்டு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. இது வழக்கு மன்றத்திற்கு மட்டுமன்று, விளையாட்டுக் களத்திற்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். மெல்போர்ன் மைதானத்தில் கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன் பந்து வீசினார். அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை 'நோபால்' அறிவித்தார். பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, 23 வயது இளைஞர்மீது பழி விழுந்தது. அது கண் வழங்கிய தீர்ப்பு.

பின்னர் விஞ்ஞானம் விசாரித்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவரைச் சோதித்தபோது, அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது என்பது தெளிவாயிற்று. விதி தடுப்பது வளைந்த கையை அன்று. பந்து வீசும்போது வளைந்த கை நிமிர்வதையே. 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்தின்மீது மீண்டும் ஐயம் எழுந்தது. கையில் ஒளியைத் திருப்பும் சிறு குமிழ்களை ஒட்டி, அதிவேகக் கேமராக்களால் படம் பிடித்துக் கோணத்தை அளந்தார்கள். 14 பாகை, பயிற்சிக்குப் பின் சுமார் 10. அன்று சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 பாகையே. ஆனால் மற்றவர்களையும் அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குறை சொல்லப்படாத பந்து வீச்சாளர்களிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் கை ஓரளவு நிமிரத்தான் செய்கிறது! 2005 மார்ச் முதல் அனைவருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. 2010இல் காலி நகரில் 800 விக்கெட்டுகளுடன் முரளிதரன் தலைநிமிர்ந்து விடைபெற்றார்.

உலகப் புகழ் பெற்றவருக்கு இந்த விசாரணை கிடைத்தது. நமக்கு?

பள்ளிக்கரணையில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான். நல்ல கபடி வீரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்று நம்பியிருந்தான். ஒரு நாள் பிடிக்க வந்தவர்களைத் தாண்டிக் குதித்தவன் கட்டாந்தரையில் விழுந்தான், முழங்கால் போயிற்று. "பலமில்லாத பையன்" என்றனர் சிலர். "நேரம் சரியில்லை" என்றனர் சிலர். காலை எப்படி ஊன்றினான் என்று கேட்டவர் எவருமில்லை. அதுவும் கண் வழங்கிய தீர்ப்புத்தானே!

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல். கால்களை விறைப்பாக ஊன்றி, ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், தரை அவர் கால்களில் செலுத்தும் சராசரி விசை உடல் எடையைப்போல் ஏழு மடங்கைத் தாண்டும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் கால் நொடியில் நின்றால், அது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். எடையும் உயரமும் அவையே. மாறியது நேரம் ஒன்றுதான். கிரிக்கெட்டில் 'கேட்ச்' பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இந்தத் தத்துவத்தால்தான். நியூட்டனின் இரண்டாம் விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், மாலையில் மைதானத்தில் அதை மறந்துவிடுகிறோமே!

நம் நகரில் வசதி இல்லாமலில்லை. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் சோதனை நிலையம் பந்து வீச்சை ஆராயச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரத்தை 2014இல் பெற்றது. அத்தகைய கூடத்தை அரசுக் கல்லூரியில் கேட்பது பேராசை. நான் கேட்பது சிறிது. மாதம் ஒரு மாலை, இயற்பியல் பேராசிரியரும் உடற்கல்வி இயக்குநரும் மைதானத்தில் சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்கட்டும். நம் கைப்பேசியிலேயே ஓட்டத்தையும் தாவலையும் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்போம். தாவும் குழியின் மணலை ஒவ்வொரு முறையும் கிளறிவிடுவோம். எப்படி விழுவது என்பதை முதலில் கற்போம். எவ்வளவு தூரம் தாவுவது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். ஒரு மாணவனைப் பலவீனன் என்று சொல்லுமுன், அவன் காலடியை ஒருமுறை அளந்து பார்ப்போம், நண்பர்களே!