தலைவர்கள் பட்டியல் மட்டும் வரலாறு ஆகாது!

இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) அமைப்பின் தமிழ்நாடு மாநில மையம் சென்னை சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த அகில இந்திய அமைப்பு 1920-ல் பதிவானதே சென்னையில்தான் என்று? 1921-ல் கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு அதைத் தொடங்கி வைத்தார். 1935-ல் ராயல் சார்ட்டர் கிடைத்தது. தலைமையகம் கொல்கத்தாவில் அமைந்தது. பதிவான ஊரில் இருப்பது மாநில மையம்.

இந்த மாதிரி கிளைகளின் வரலாறு என்றால் தலைவர்கள் பெயர், கட்டடத் திறப்பு விழா, செப்டம்பர் 15 பொறியாளர் தினச் சொற்பொழிவு... இதோடு முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஏ.எம்.ஐ.இ. எழுதியவர்களை விட்டுவிட்டு என்ன வரலாறு?

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள், பகலில் பட்டறை, ராத்திரியில் புத்தகம் என்று 'செக்‌ஷன் ஏ', 'செக்‌ஷன் பி' பேப்பர்களை ஒவ்வொன்றாக முடித்தார்கள். சிலருக்குப் பல வருஷம் ஆனது. முடித்தவர்களை பி.இ.க்குச் சமம் என்று மத்திய அரசு ஏற்றது. சம்பளத்தை விட்டுவிட்டு கல்லூரிக்குப் போக முடியாத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

பிறகு மத்திய அரசு ஒரு கோடு போட்டது. 31-5-2013 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சமநிலை!

"லேப் பயிற்சி இல்லாமல் இன்ஜினியரா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்படியென்றால் லேப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கலாமே? "நேரடி இரண்டாம் வருடச் சேர்க்கை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அந்த மூன்று வருஷம் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?

சி.ஏ.வைப் பாருங்கள். அதுவும் பட்டம் கிடையாது, ஒரு தொழில் அமைப்பு நடத்தும் தேர்வுதான். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கூட எழுதலாம். ஆனால் அதற்குப் பின்னால் 1949-ன் சட்டம் நிற்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கும் 1972-ல் சட்டம் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. ஏ.எம்.ஐ.இ.யின் மதிப்பு அரசாணையை நம்பியிருந்தது. அரசாணையால் வந்தது அரசாணையாலேயே போனது.

ஆக, நூறு வருஷம் தாண்டிய ஓர் அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக ஒரு சட்டத்தைக்கூட வாங்கவில்லை. அடுத்த முறை கிளை வரலாற்று மலர் போடுகிறவர்கள் தலைவர்கள் படத்தோடு, தேர்வெழுதி இன்ஜினியர் ஆன ஃபிட்டர்களின் கதையையும் போடட்டும். அந்தக் கதவு ஏன் மூடியது என்றும் ஒரு பக்கம் எழுதட்டும்.

எழுதுவார்களா?