மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்று: மரபணு ஆய்வு காட்டும் இரு பாதைகள்

மருத்துவமனைகளில், குறிப்பாக சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களிடம் காணப்படும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு ஈ.கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே ஆகிய பாக்டீரியாக்களே முக்கியக் காரணம். ஆய்வக அறிக்கையில் கிருமியின் பெயரும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற விவரமும் இருக்கும். அந்த நோயாளிக்கு மருந்து எழுத அது போதும். தொற்று எவ்வழியே வந்தது என்பதை அந்த அறிக்கை சொல்லாது.

பெயர் ஒன்று என்பதால் கிருமியும் ஒன்றே என்று கொள்வதற்கில்லை. மூன்று ஈ.கோலை வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2002-ல் வெளியான ஆய்வில், மொத்தப் புரதங்களுள் மூன்றுக்கும் பொதுவானவை 40 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அவற்றுள் ஒன்று சிறுநீரகத் தொற்று கண்ட நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. மற்றொன்று ஆய்வகங்களில் வளர்க்கப்படும் தீங்கற்ற வகை.

இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்டிஎம்-1 சிறந்த சான்று. கார்பபெனெம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் இந்த நொதி, புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லாவில் 2008-ல் கண்டறியப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-ல் வெளியான ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அதை உறுதி செய்தது. நொதிக்குத் தலைநகரின் பெயரைச் சூட்டியது குறித்து இந்தியாவில் எழுந்த சர்ச்சையில், அந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி கவனம் பெறாமலே போயிற்று.

ஹரியானாவின் கிளெப்சியெல்லா மாதிரிகள் ஒரே மரபுவழியைச் சேர்ந்தவை. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவையோ பல மரபுவழிகளைச் சேர்ந்தவை. மருந்தெதிர்ப்பு ஒன்றே, பரவிய விதம் வேறு. ஒரே மரபுவழி என்றால், ஒரு கிருமியே ஆளுக்கு ஆள் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கை கழுவுதல், வடிகுழாய்ப் பராமரிப்பு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துதல் ஆகியவற்றால் அதைத் தடுக்க முடியும். பல மரபுவழிகளில் ஒரே எதிர்ப்பு மரபணு காணப்பட்டால், பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையம் அதைச் சுமந்துகொண்டு கிருமிக்குக் கிருமி தாவுகிறது என்று பொருள். அப்போது வார்டைச் சுத்தம் செய்வது மட்டும் பலன் தராது. மருந்துப் பயன்பாட்டையும் கழிவுநீரையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். 2010-ல் புதுடில்லியில் எடுக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், 171 தேங்குநீர் மாதிரிகளில் 51-லும் இதே மரபணு காணப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு 2013 முதல் இயங்குகிறது. அதன் தரவுகள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்தே வருகின்றன. மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் சிறுநீர் வளர்சோதனைக்கே காத்திராமல் மருந்து தொடங்கப்படுவது வழக்கம். மரபணு வரிசையாக்கம் அங்கு வெகு தொலைவில் உள்ளது. எல்லா மாதிரிகளையும் வரிசையாக்கத் தேவையில்லை. ஒரே வார்டில் அடுத்தடுத்துத் தொற்று தோன்றும்போது அந்த மாதிரிகளை மட்டும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால், தவறு வார்டில் உள்ளதா, அதற்கு வெளியே உள்ளதா என்பது தெரிந்துவிடும்.