ஐந்து வயதில் எந்த வாசலில் நிற்கப் போகிறது நம் பிள்ளை?



தமிழ்ப்பள்ளி என்றாலே நாம் நிலம், கட்டடம், மானியம் என்றுதான் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தோட்டக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தாய் பால்மரம் வெட்டப் போனால் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். வயது வந்ததும் அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வசதி குறைவு, ஏழ்மை அதிகம். ஆனாலும் கொட்டகையிலிருந்து பள்ளிக்குப் போன பிள்ளைக்கு மொழி மாறவில்லை, முகங்களும் மாறவில்லை.

பாசிர் கூடாங் அப்படியல்ல. 1977இல் துறைமுகம் திறக்கப்பட்டது. செம்பனை எண்ணெய் ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் பெருகின. 2020இல் மாநகரமும் ஆகிவிட்டது. நம்மவர்கள் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் சிதறி வாழ்கிறார்கள். அப்பா ஷிப்ட் வேலை, அம்மா விடியுமுன் சிங்கப்பூர் பேருந்து. எந்தப் பாலர் பள்ளி வீட்டருகே இருக்கிறதோ, எதன் கட்டணம் கைக்கு எட்டுகிறதோ, அங்கேதான் பிள்ளை போகிறது. பெரும்பாலும் அது மலாய்மொழியில் நடக்கும் கெமாஸ் வகுப்பு, அல்லது ஆங்கிலத்தில் நடக்கும் தனியார் வகுப்பு.

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தேசிய மொழி நம் பிள்ளைகளுக்கு அவசியம். ஆனால் அந்தப் பிள்ளை மாசாய் தமிழ்ப்பள்ளி போன்ற ஒரு பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும்போது என்ன நடக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தமிழ்ப் பாலர் வகுப்பிலிருந்து வந்து ‘அம்மா’ என்று எழுதிக்கொண்டிருக்கும். இந்தப் பிள்ளையோ 247 எழுத்துகளில் முதல் எழுத்தையே அன்றுதான் பார்க்கும். மூன்று மாதத்தில் அதற்கு ‘மக்கு’ என்ற பட்டம் கிடைத்துவிடும். தாய் பயந்துபோய் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடுவார். நாமோ, தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று மேடையில் புலம்புவோம்!

பாசிர் கூடாங் பிள்ளைகளுக்கு வேறு அடிகளும் விழுந்தன. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. முதலாம் ஆண்டில் சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே பள்ளிக் கதவு மூடியதை இரண்டு அணிப் பிள்ளைகள் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். போதாததற்கு, 2019 முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வு கிடையாது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் பின்தங்கிய பிள்ளையைப் பெற்றோர் விசாரித்துக் கண்டுபிடிக்காவிட்டால், நான்காம் ஆண்டு வரை அது யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. பாலர் பள்ளியில் பிற மொழிகளையும் போதனா மொழியாகப் பயன்படுத்தலாம், ஆனால் தேசிய மொழி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். நாம் சலுகை கேட்கவில்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்தைத்தான் கேட்கிறோம்.

இப்போது ஏன் அவசரம்? 2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம், ஐந்து வயதிலிருந்தே பாலர் கல்வியைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தது. வரவேற்போம். ஆனால் அரசாங்கப் பாலர் வகுப்பு ஒன்றில் 25 பிள்ளைகளுக்குத்தான் இடம். தமிழில் இடமில்லாத ஊரில் இது சட்டமானால், கட்டாயம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? தமிழ்ப்பள்ளிக்கு வரவிருக்கும் பிள்ளையும் வேறு மொழி வாசலில்தான் நிற்க வேண்டும் என்பதுதானே?

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, முதலில் கணக்கெடுங்கள். பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத் தாமான்களில் நான்கு, ஐந்து வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பட்டியலோடு மாநிலக் கல்வி இலாகாவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். கணக்கு இல்லாத கோரிக்கை குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

ஆசிரியர்களே, பள்ளி திறக்குமுன் புதிய பிள்ளைகளை ஒரு நாள் வரவழையுங்கள். வகுப்பு எது, கழிப்பறை எது, சிற்றுண்டிச்சாலையில் எப்படிக் காசு கொடுத்து வாங்குவது என்று காட்டுங்கள். எந்த மொழிப் பாலர் பள்ளியிலிருந்து வருகிறது என்று கேட்டு, எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு முதல் மாதங்களில் தனி நேரம் ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே, நீங்கள் ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறீர்கள், தெரியும். தினம் பத்து நிமிடம் போதும். பிள்ளையோடு தமிழில் பேசுங்கள், ஒரு கதை சொல்லுங்கள், ஓர் எழுத்தைக் காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை எந்த மானியமும் வாங்கித் தராது.

தமிழ்ப்பள்ளியைக் காக்கும் போராட்டம் பள்ளி வாசலில் தொடங்குவதில்லை. அதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே, பாலர் வகுப்பில் தொடங்குகிறது. அங்கே நாம் இல்லையென்றால், பிறகு எங்கே நின்று குரல் கொடுத்து என்ன பயன்?