தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் விமானங்கள்

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஹெல்சிங்கிமீது நூலின் ஒரு நுனியை வைத்து, மறு நுனியை டோக்கியோ வரை இழுத்துப் பிடித்தால், பெரும்பகுதி நூல் ரஷ்யாவின்மீதே கிடக்கும். தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் 2022 பிப்ரவரி வரை இதை ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. பிறகு அதே பயணம் 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.

இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நடுவில் வழி அடைபட்டது. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பதிலடியாக, 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தடை போட்டது. டோக்கியோ விமானம் வடதுருவத்தின் மேலாகவோ, தெற்கே இறங்கி நடு ஆசியா, சீனா வழியாகவோ சுற்ற வேண்டியதாயிற்று. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஃபின்ஏர் ஒரு சான்றிதழ் கொடுத்தது. 1983இல் சோவியத் வான்வெளியைத் தவிர்த்து, டோக்கியோவுக்கு இடைநில்லாமல் அது பறக்கத் தொடங்கியதும் இதே துருவ வழியில்தான். அப்போதும் சுமார் 13 மணி நேரம்!

இந்தத் தடையில் சிக்காத சீன விமானங்களோ வழக்கம்போல ரஷ்யா வழியாக ஐரோப்பாவுக்குப் போய் வருகின்றன.

இந்தியப் பயணிகளுக்கும் இப்படி வழி அடைபடுவது புதிதல்ல. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்த பதற்றத்தில், பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியது; சில நாட்களில் இந்தியாவும் மூடியது. இண்டிகோ தன் தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை நிறுத்த நேர்ந்தது. சுற்றுவழியில் போனால் அதன் விமானங்களுக்கு எட்டாத தூரம்.

ஏவுகணை பறக்கும் வானத்தை மூடுவதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால், இந்த நாட்டு விமானம் போகலாம், அந்த நாட்டு விமானம் போகக் கூடாது என்பது பாதுகாப்பு நடவடிக்கை அல்ல, தண்டனை. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளிமீது முழு உரிமை தருகிறது. அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, நெருக்கடி காலத்தில் தற்காலிகமாக வானத்தை மூடுவதானால் எந்த நாட்டு விமானம் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது. போர்க்காலத்துக்கு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கின் நிழலில்தான் அரசுகள் ஒதுங்கிக்கொள்கின்றன. கூடுதல் எரிபொருள் செலவை நிறுவனமும், கூடுதல் நேரத்தைப் பயணியும் சுமக்கிறார்கள்.

பகை நாடுகள் பேச உட்காரும்போது முதலில் திறக்க வேண்டியது வான்வழியைத்தான். டெல்லியிலிருந்து சென்னை சுமார் 1,750 கிலோமீட்டர்; தாஷ்கண்ட் 1,600கூட இல்லை. பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்குத்தான் இண்டிகோவால் போக முடியாமல் போனது. பாகிஸ்தானின் தடையோ 2025 இறுதிவரை மாதாமாதம் ஓர் அறிவிப்பில் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது.