பழைய காருக்குப் புது ஸ்டீரிங்: அழகா, ஆபத்தா?

காருக்கு வயதாகிவிட்டது. விற்க மனம் வரவில்லை. புதுக் கார் வாங்கப் பணமும் இல்லை. என்ன செய்வது?

"ஸ்டீரிங்கையாவது புதிதாக மாற்றிவிடுவோம்" என்று பலர் நினைக்கிறார்கள்.

கார் ஓட்டுகிறவரின் கண் முன்னால் இருப்பது அதுதான். நாள் முழுவதும் கை படுவதும் அதில்தான். பழைய ஸ்டீரிங் தேய்ந்து நிறம் மங்கிவிட்டது. அதே காரின் பிந்திய மாடலில் வந்த ஸ்டீரிங்கோ பளபளக்கிறது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிலேயே பொத்தான்கள் இருக்கின்றன.

ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால், இன்றைய ஸ்டீரிங் வெறும் சக்கரம் அல்ல. அது உயிர் காக்கும் கருவி. அதைச் சட்டை மாற்றுவது போல் மாற்றக் கூடாது.

மறைமலைநகர் கார்கள்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது மறைமலைநகர். தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர். அமெரிக்காவின் போர்டு கம்பெனி அங்கே கார்த் தொழிற்சாலை நடத்தியது. 1999ல் 'ஐகான்' கார் அங்கிருந்து வந்தது. 2010ல் 'பிகோ' வந்தது. 2013ல் 'எகோஸ்போர்ட்' வந்தது.

இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அறிவித்தது. 2022ல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. அங்கே எஞ்சின் செய்யப் போவதாக 2025ல் ஓர் அறிவிப்பு வந்தது. ஆனால், நின்றுபோன கார்கள் நின்றவைதான்.

ஆகவே, அந்தக் காரை வைத்திருப்பவர்கள் அதையே பேணிக் காக்கிறார்கள். இருப்பதைப் புதிதாக்கப் பார்க்கிறார்கள்.

'எகோஸ்போர்ட்' கார் 2017 நவம்பரில் திருத்திய உருவத்தில் வந்தது. உள்ளே ஸ்டீரிங்கும் மாறியிருந்தது. "2013ஆம் ஆண்டுக் காரில் இந்த ஸ்டீரிங்கை மாட்டினால் என்ன?" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. மற்ற கம்பெனிக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆசை உண்டு.

அந்தக் காலம் வேறு

அதே ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' கார்கள் தயாரான காலம் ஒன்று உண்டு. 1960களில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' சென்னைத் தெருக்களில் ஓடியது. அம்பாசிடர் ஊர் ஊராக ஓடியது.

அந்தக் கார்களின் ஸ்டீரிங் எப்படி இருந்தது? ஒரு வளையம். நடுவில் ஒரு நட்டு. ஹாரனுக்கு ஓர் ஒயர். அவ்வளவுதான். நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்து எடுத்து, வேறொன்றை மாட்டிவிடலாம்.

அப்படியானால் அதுதான் நல்ல காலமா? அல்ல. கார் எதிலாவது மோதினால், டிரைவரின் மார்பு அந்தச் சக்கரத்தில் போய் மோதும். அதைத் தடுக்கத்தான் 'ஏர்பேக்' என்னும் காற்றுப்பை வந்தது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயம் ஆயிற்று. அதற்கு முன் விலை குறைந்த ரகங்கள் பல, பை இல்லாமலே விற்பனையாயின.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டீரிங்கின் நடுவில், மூடிக்குப் பின்னால் அந்தப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கார் பலமாக மோதியதும், காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை உணர்ந்துகொள்கிறது. ஒயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. ஸ்டீரிங்குக்குள் இருக்கும் மருந்து பற்றிக்கொள்கிறது. வாயு நிரம்பிப் பை விரிகிறது. இவ்வளவும் நடக்க எவ்வளவு நேரம்? ஒரு வினாடியை 20 பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட ஆகாது.

இன்னொரு சங்கதி. ஸ்டீரிங் சுற்றுகிற பொருள். சுற்றுகிற பொருளுக்குள் ஒயரைக் கொண்டுபோனால், முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும் அல்லவா? அதற்காக, நாடா போன்ற ஓர் ஒயரைச் சுருளாக்கி வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் இதைக் 'கிளாக் ஸ்பிரிங்' என்பார்கள். இடப் பக்கமும் வலப் பக்கமும் சமமாகச் சுற்றும்படி, அதை நடுவில் நிறுத்திப் பொருத்த வேண்டும். கொஞ்சம் தவறினாலும், காரை முழுக்கத் திருப்பும்போது நாடா அறுந்துபோகும். ஹாரன் அடிக்காது. ஆபத்தில் பையும் விரியாது.

மாட்டினால் போதுமா?

"பல்லுக்குப் பல் பொருந்துகிறது. நட்டும் ஏறிவிட்டது. பிறகென்ன?" என்று கேட்கலாம்.

பையும் பெட்டியும் பொருந்த வேண்டுமே! சில பைகளை விரிக்க ஒரு திரிதான் உண்டு. சிலவற்றுக்கு இரண்டு. மோதலின் வேகத்தைப் பார்த்து இரண்டாவது திரியைக் கொளுத்துவது பெட்டியின் வேலை. ஒரு திரிக்குப் பழகிய பெட்டி, இரண்டு திரிப் பையை என்ன செய்யும்?

பை இல்லாத ரகத்தில் பையுள்ள ஸ்டீரிங்கை மாட்டுவது இன்னும் வேடிக்கை. அங்கே மோதலை உணர்ந்து பையை விரிக்க யாரும் இல்லை. ஸ்டீரிங்கில் பையின் பெயர் மட்டும் இருக்கும்.

காரின் பெயர் ஒன்றாக இருப்பதாலும் பயன் இல்லை. மறைமலைநகரில் செய்த 'எகோஸ்போர்ட்' அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறியது. பெல்ட் போடாதவரையும் பை காக்க வேண்டும் என்கிறது அந்த நாட்டு விதி. நம் நாட்டில் மோதல் சோதனையே பெல்ட் போட்ட பொம்மையை வைத்துத்தான் நடக்கிறது. நாட்டுக்கு நாடு கணக்கு வேறு.

தொழிற்சாலையிலேயே பிழை நேர்வது உண்டு. 2016ல் பிகோ, ஆஸ்பயர் கார்கள் சுமார் 42,300ஐப் போர்டு கம்பெனி திரும்ப அழைத்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளில் கோளாறு. மோதும்போது பை விரியாமல் போகலாம் என்பதே காரணம். கம்பெனி செய்த பிழைக்குக் கம்பெனி அழைத்தது. தெருமுனைப் பட்டறையில் நடந்த பிழைக்கு யார் அழைப்பார்கள்?

சோதித்துப் பார்க்க முடியாதது

"நான் எத்தனையோ வண்டிகளுக்கு மாட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை" என்று மெக்கானிக் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. மோதாத வண்டியில் பையே இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது!

பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். ஹாரனை அடித்துப் பார்க்கலாம். பையை விரித்துப் பார்க்க முடியுமா? அது வேலை செய்யுமா என்பது விபத்து நாளில்தான் தெரியும். அன்று தெரிந்து என்ன பயன்?

பை பழுதானால் டிரைவருக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால், சிறு மின்தடை ஒன்றைச் சொருகி அந்த விளக்கை ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். விளக்கு அணைந்துவிடும். ஆபத்து அணையாது.

பழைய பாகங்களுக்குப் பெயர் பெற்ற இடம் சென்னைப் புதுப்பேட்டை. அங்கே கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பை அப்படி அல்ல. எந்த விபத்தில் சிக்கிய காரின் பை அது? மழைநீரில் மூழ்கிய காரின் பையா? வெளியே பார்த்தால் தெரியாது. போலிப் பைகளும் உலகச் சந்தையில் உலவுகின்றன. 2012லும் 2024லும் அமெரிக்க அரசு இதைப் பற்றி எச்சரித்தது. மட்டமான கருவி வெடித்து, இரும்புத் துண்டு பாய்ந்து இறந்தவர்கள் உண்டு.

சட்டமும் சும்மா இல்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வரம்பு கட்டுகிறது. கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் சொன்னது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகவும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

தேய்ந்த ஸ்டீரிங்குக்கு நல்ல தோல் உறை தைத்துப் போடலாம். பையின் மூடியை மறைக்காமல் தைக்க வேண்டும். செலவும் குறைவு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதே மாடலுக்கும் அதே ரகத்துக்கும் உரிய புதுப் பாகத்தையே வாங்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துப் பொருத்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வீட்டில் கழற்றிப் பார்க்கவே கூடாது. உள்ளே இருப்பது வெடிமருந்துக்கு உறவான பொருள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கைப் பார்க்க வேண்டும். அது சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் சந்தேகம். அணைந்தாலும், ஸ்டீரிங் மாற்றப்பட்டதா என்று கேட்டுவிடுவது நல்லது. எந்தக் காரானாலும் பெல்ட் போட மறக்கக் கூடாது.

பழைய காரை நேசிப்பவர்கள் அதற்குச் செலவு செய்யட்டும். பிரேக்குக்குச் செய்யட்டும். டயருக்குச் செய்யட்டும். பளபளப்பு இல்லாத ஸ்டீரிங்கால் யாருக்கும் நஷ்டம் இல்லை. காப்பாற்றாத ஸ்டீரிங்கால் ஒரு குடும்பத்துக்கே நஷ்டம்.