பழைய ரிவால்வருக்கு விலை சொல்வது யார்?

அரசாங்க உத்தியோகஸ்தர்களும், ரயில்வே அதிகாரிகளும், வக்கீல்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் திருச்சிராப்பள்ளி. ஆதலால், ஸ்ரீரங்கத்து வீதிகளிலும், கண்டோன்மெண்டின் பழைய பங்களாக்களிலும், பொன்மலைப் பக்கத்து வீடுகளிலும், பாட்டனாரோ பெரியப்பாவோ லைசென்சு பெற்று வைத்திருந்த ரிவால்வர் ஒன்று, அவர் காலத்துக்குப் பின் இன்ன மதிப்புடையது என்று அறிவாரின்றிக் கிடக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. உறவினர் ஒருவர் பல லட்சம் பெறும் என்பார். துப்பாக்கி வியாபாரி பழைய இரும்பு என்று கையை விரிப்பார். அமெரிக்காவிலிருக்கும் பேரன் அந்நாட்டு ஏலத் தொகையொன்றைத் தொலைபேசியில் சொல்வான். இம்மூன்றும் மதிப்பீடு ஆகா என்பதும், நேர்மையான மதிப்பீட்டுக்கு அரசாங்கமே ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும், அதைத் தொடங்குவதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான நகரம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ரிவால்வர்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. இடுப்பிலும் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளச் செய்தவை ஒருவகை. பந்தய மைதானத்தில் காகித இலக்கைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்தவை மற்றொரு வகை. 1904-இல் கோல்ட் கம்பெனி வெளியிட்ட ஆபீசர்ஸ் மாடல் டார்கெட், 1931-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட கே-22, பர்மிங்ஹாம் வெப்ளி கம்பெனியின் பந்தய ரிவால்வர்கள் ஆகியவை இரண்டாம் வகையின் பிரசித்தி பெற்ற பிரதிநிதிகள். நீண்ட குழல், காற்றுக்கும் தூரத்துக்கும் ஏற்பத் திருகாணியால் நகர்த்தக்கூடிய குறிக்காடி, விரல் பட்டதும் இழுபறியின்றி விடுபடும் விசை ஆகியவற்றில், சாதாரண ரிவால்வருக்குச் செலவிடாத கைவேலையை இவற்றுக்குச் செலவிட்டார்கள். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்த காலத்தில், அந்த ரயில்வேக்கென்றே ஒரு தொண்டர் துப்பாக்கிப் படை இருந்தது; 1920-இல் துணைப்படையாக மாற்றியமைக்கப்பட்டு, சுதந்திரத்தோடு கலைக்கப்பட்டது. குறிசுடும் பயிற்சி அத்தகைய படைகளின் அன்றாட வேலை. ஊரைவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்கார அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கிகளை இங்குள்ளவர்களுக்கு விற்றுச் சென்றதாகக் குடும்பங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பர் வீட்டில், லைசென்சு செல்லுபடியாகும் நிலையில் இருந்த அத்தகைய ரிவால்வர் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கோல்ட் கம்பெனியின் போலீஸ் பாசிட்டிவ் டார்கெட்; .32 அளவு, ஆறங்குலக் குழல். அறைகள் காலியாக இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்பக்கம் வெள்ளைக் காகிதமொன்றைப் பிடித்து முனை வழியாகப் பார்த்தபோது, உள்ளே முறுக்கிச் செல்லும் மரைகள் கூர்மை மழுங்காமல் தெரிந்தன. ஆனால் விசைப்பக்கத்து முனையில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தது. அக்காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்பு, காவிரிக் கரையின் ஈரத்தை உறிஞ்சி எஃகைத் தின்னும். சுட்ட அன்றே குழலைக் கழுவித் துடைக்காதவர்களின் துப்பாக்கிகளுக்கெல்லாம் இந்தக் கதிதான். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தபோது சிலிண்டர் ஆடாமல் அசையாமல் பூட்டி நின்றது. சட்டத்திலும் சிலிண்டர் தாங்கியிலும் பொறித்திருந்த எண்கள் ஒத்திருந்தன. இவ்வளவும் நல்ல லட்சணங்களே.

ஆயினும் எவரோ ஒரு நலவிரும்பி, பல ஆண்டுகளுக்கு முன், பளபளப்பாக இருக்கட்டும் என்று அதற்கு நிக்கல் முலாம் பூசிவிட்டிருந்தார். மரப்பிடியைக் கழற்றிப் பார்த்தால்தான், அதன் அடியில் முலாம் ஏறாமல் தப்பிய விரற்கடையளவு இடத்தில், தொழிற்சாலையிலிருந்து வந்த ஆழ்ந்த நீலநிறம் அப்படியே இருப்பது தெரிகிறது. பஞ்சலோக விக்கிரகத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கியது போன்ற காரியம் இது. பொருத்தமில்லாத திருப்புளியைக் கொண்டு முடுக்கியதால் திருகாணித் தலைகளும் சிதைந்திருந்தன. சேகரிப்போர் உலகில் மறுபூச்சு ஒன்றே மதிப்பைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். உபயோகத்தால் தேய்ந்த அசல் நிறத்துக்கு இருக்கும் கௌரவம் புதிய முலாமுக்கு இல்லை. அசல் பெட்டியும், வாங்கிய ரசீதும், இந்த எண்ணுள்ள துப்பாக்கி இந்த ஆண்டு இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தரப்படும் கடிதமும் இருந்தால் மதிப்பு உயரும்.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. நம் நாட்டில் விலை வேறொரு காரணத்தால் நிர்ணயமாகிறது. 1980-களின் நடுவிலிருந்து, தேர்ந்த துப்பாக்கிச் சுடும் வீரர்கள், அவர்களுக்குரிய சங்கங்கள் போன்றோர் தவிர மற்றவர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதற்கு இடமில்லாமற் போயிற்று. உள்நாட்டில் செய்யப்படும் .32 ரிவால்வர், வெப்ளியின் பழைய வடிவத்தைத் தழுவியது. 2014-இல் பெண்களுக்கென்று வெளியிடப்பட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் விலையே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆகவே, அந்நிய நாட்டுப் பெயர் பொறித்த எந்த .32 ரிவால்வருக்கும், பிறந்த நாட்டில் கிடைக்காத விலை இங்கே கேட்கப்படுகிறது. அந்த விலை வேலைப்பாட்டுக்கு அன்று, சாத்தப்பட்ட கதவுக்கு. இதன் விளைவாக, பந்தயத்துக்கென்று இழைத்துச் செய்த அருமையான கருவியும், மட்டமான பைத்துப்பாக்கியும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. மறுபுறம், ராணுவத் தோட்டாக்களின் சில அளவுகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவையாதலால், அயல்நாட்டில் போற்றப்படும் ரிவால்வர் ஒன்று இங்கே விலைபோகாமற் கிடக்கவும் கூடும்.

இதனினும் வருத்தந் தருவது லைசென்சுதாரர் காலமானபின் நிகழ்வது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, வாரிசுகள் தாமதமின்றி அதைப் போலீஸ் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். தங்கள் பெயருக்கு லைசென்சு கோருவதற்கு 2016-ஆம் ஆண்டு விதிகளில் வழியிருக்கிறது. குறித்த காலத்துக்குள் உரிமை கோரப்படாவிட்டால் ஆயுதம் அரசாங்கத்துக்குப் பறிமுதலாகும். 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தமையால், ஒப்படைக்க வேண்டியவை மேலும் பெருகின. சட்டம் சரியானதே, வீடுகளில் துப்பாக்கி குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்ட பொருள் சீட்டுக் கட்டிய சாக்குப் பையில் எண்ணெய் காணாமல் துருப்பிடிக்கும்போதும், பறிமுதலானபின் அழிப்பதற்கு அனுப்பப்படும்போதும், அது என்ன பொருள், எந்த ஆண்டைச் சேர்ந்தது, காப்பாற்றத் தக்கதா என்று கேட்பதற்கு எவரும் இல்லை. நூறாண்டு கடந்த சரித்திர முக்கியத்துவமுள்ள பொருள்களைப் பேண 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1904-இல் தொடங்கிய கோல்ட் ஆபீசர்ஸ் மாடல் வரிசையின் ஆரம்பகாலத்தவை நூறாண்டைத் தாண்டிவிட்டன.

ஒரு பழைய துப்பாக்கி காப்பாற்றத் தக்கதா என்று கேட்கத் தகுதியுள்ளவர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். 1966-இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையில், எஃகின் குணத்தையும் மரையின் நுட்பத்தையும் ஆயுட்காலமெல்லாம் கையாண்ட தொழிலாளர்களும் பொறியியலாளர்களும் உள்ளனர். மலைக்கோட்டையருகே ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி நடைபெற்று, நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதால் ஊரே திரண்ட ரைபிள் கிளப்பும் இங்கேதான் உள்ளது. ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை 1752-இல் சரணடைந்த சரித்திரமுடைய இந்த ஊருக்கு, ஆயுதங்களைச் சரித்திரப் பொருளாகப் பார்க்கும் கண்ணும் புதிதன்று.

இம்மூன்று ஸ்தாபனங்களிலிருந்தும் ஒவ்வொருவரைத் தேர்ந்து, லைசென்சு அதிகாரியின் மேற்பார்வையில், ஆண்டுக்கு நான்கு தடவை கூடும் மதிப்பீட்டுக் குழுவொன்றை அரசாங்கம் அமைக்கலாம். சந்தை விலை இவ்வளவு, தொழில்நுட்ப நிலை இது, சரித்திர மதிப்பு உண்டு அல்லது இல்லை என்று அக்குழு எழுத்தில் தர வேண்டும்; அந்த அத்தாட்சி இல்லாமல் எந்தப் பழைய துப்பாக்கியும் அழிக்கப்படக் கூடாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பந்தயத்துக்கு .30 முதல் .38 வரையுள்ள அளவுகள் அனுமதிக்கப்படுவதால், நல்ல நிலையிலுள்ள .32 பந்தய ரிவால்வரை இளம் வீரர்களின் பயிற்சிக்குக் கிளப்பில் சேர்க்கலாம். சுடத் தகாத ஆனால் அரிய பொருளைச் செயலிழக்கச் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.

அந்தக் குழு அமையும் வரையில், பாட்டனார் வைத்துச் சென்ற ரிவால்வர் வீட்டிலிருக்குமானால், வாசகர்களே, முதலில் லைசென்சுப் புத்தகத்தைத் தேடி எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால், அல்லது உரியவர் காலமாகியிருந்தால், இன்றே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவித்து அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்து ரசீது பெறுங்கள். அதற்குரிய பெட்டியையும் பழைய காகிதங்களையும் தூக்கி எறியாதீர்கள். முலாம் பூசுவதற்கு எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.