அடிக்கணக்குக் கூலியும் அணைக்காத இன்ஜினும்

கல்குவாரி விபத்து என்றால் செய்தித்தாளில் பாறைச் சரிவுதான் வரும். 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்திலும், 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் பாறை சரிந்து ஆட்கள் இறந்தபோது நாள்கணக்கில் பேசினோம். டிரில் ராடில் கை சுற்றிக்கொண்ட செய்தி அப்படி வராது. வந்தாலும் நான்கு வரி.

நான் துளைபோடும் மெஷின்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். முதலில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். பிறகு கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள். நான் பார்த்தவரை, குழி போட்டுக்கொண்டிருக்கும்போது அடிபட்டவர்கள் குறைவு. கிரீஸ் அடிக்க, செயினை இறுக்க, மாட்டிக்கொண்ட ராடை எடுக்க, ஹோஸ் மாற்ற என்று 'சின்ன வேலை' பார்க்கப் போனவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

ராடு கழற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மரை இறுகிப்போயிருக்கும். ஹெல்பர் பைப் ரெஞ்சைப் போட்டுப் பிடித்துக்கொள்வார். ஆபரேட்டர் லீவரைத் தட்டி ராடைப் பின்பக்கமாகச் சுற்றிவிடுவார். மரை விட்டால் சரி. விடாவிட்டால் ரெஞ்சும் ராடோடு சேர்ந்து சுழலும். விலாவோ முழங்கையோ, குறுக்கே இருப்பது போகும். ராடைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், மெஷினோடு சேர்ந்தே வரத் தொடங்கி வெகுகாலமாகிறது. பழைய வேகன் டிரில்லை ஒட்டுப்போட்டு ஓட்டும் இடங்களில் இன்றும் பைப் ரெஞ்சுதான்.

உடுப்பும் அப்படித்தான். கழுத்துத் துண்டும் கைலியும் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கையுறையும் ஆபத்து என்பது பலருக்கு உறைப்பதில்லை. சுற்றும் ராடின் பிசிறில் நூல் கையுறை மாட்டினால் விரலோடுதான் போகும். பாதுகாப்புக்கென்று அதையே கட்டுக்கட்டாக வாங்கிக் கொடுக்கிறோம்!

இன்ஜினை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. போதாது. கார் டயருக்கு முப்பது பவுண்டு சொச்சம் காற்று அடிக்கிறோம். ஜாக்ஹாமருக்குப் போகும் ஹோஸில் நூறு பவுண்டு அளவுக்கு இருக்கும். சுத்தியலே குழிக்குள் இறங்கி அடிக்கும் டிடிஎச் டிரில் என்றால் அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட உண்டு. கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஹோஸில் அந்தக் காற்று அடைபட்டுக் கிடக்கலாம். வால்வை மூடி, உள்ளே இருப்பதை வெளியே விட்டு, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கப்ளிங்கில் ஸ்பேனரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் சவுக்குபோல விளாசும். கப்ளிங்கின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு கம்பிக் கயிறு அதைத் தடுத்துவிடும். நான் போன பல இடங்களில் அது இருந்ததில்லை. அதேபோல, செயினைக் கழற்றுமுன் மேலே நிற்கும், ராடைச் சுழற்றும் ரொட்டேஷன் ஹெட்டைக் கீழே இறக்கி உட்கார வைக்க வேண்டும்; முடியாவிட்டால் பின் போட்டு நிறுத்த வேண்டும். விழுவதற்கு அதற்குக் காற்று தேவையில்லை.

இவையெல்லாம் புதிய ஞானமல்ல. ஓடும் இயந்திரத்தின் அருகே தொளதொளப்பான மேலாடை கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிமுறைகளே சொல்லிவிட்டன. சுரங்கத் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 1966-இல் தனி விதிகளே வந்துவிட்டன. பிறகும் ஏன் இன்ஜின் அணைவதில்லை?

கூலியைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் குவாரிகள் பலவற்றில் டிரில் ஆட்களுக்கு அடிக்கணக்கு. எத்தனை அடி குழி போட்டாயோ அத்தனைக்குத்தான் காசு. இன்ஜினை அணைத்து, காற்றை விட்டு, வேலையை முடித்து, மறுபடி காற்று ஏற்ற எப்படியும் அரைமணி ஆகும். அந்த அரைமணிக்குச் சல்லிக்காசு கிடையாது. பர்கூர்ப் பக்கம் ஒரு ஆபரேட்டரைக் கடிந்துகொண்டேன். அவர் கேட்டார்: "நிறுத்துனா மொதலாளிக்கு டீசல் மிச்சம். எனக்கு என்னண்ணா மிச்சம்?" பாதுகாப்பு வாரத்துக்குக் கட்டும் பேனர் எதிலும் இதற்குப் பதில் எழுதியிருந்து நான் படித்ததில்லை.

இன்று ஹெல்பர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் தமிழில் கத்தினால் தமிழனுக்கே கேட்காது. அதனால் நான் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வலியுறுத்துவேன்: மெஷினில் கை வைப்பவன் எவனோ, அவன் சட்டைப்பையில் சாவி இருக்க வேண்டும். ஆபரேட்டரிடம் அல்ல, மேஸ்திரியிடம் அல்ல. சாவியில்லாத பழைய கம்ப்ரஸரா? பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள். இதற்கு மொழி வேண்டாம், செலவும் இல்லை.

ஆனால் சாவி பையில் இருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். குவாரி முதலாளிகள் தினமும் ஒரு மணி நேரத்தை மெஷின் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, அதற்கு நாள்கூலிக் கணக்கில் பணம் தர வேண்டும். காண்டிராக்ட் விட்டால் ஒப்பந்தத்திலேயே அதை எழுத வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ஹெல்மெட்டை எண்ணுவதோடு கூலிப் பதிவேட்டையும் புரட்டட்டும். மெஷின் நின்ற நேரத்துக்குக் கூலி கொடுத்த கணக்கு அதில் இல்லையென்றால், அந்தக் குவாரியில் இன்ஜினை அணைக்காமல்தான் வேலை நடக்கிறது என்று எழுதிக்கொள்ளட்டும்.